காவடி இறங்கிய பிறகும் மண்டபம் திறந்திருக்கட்டும்

மொரிசியஸ் தீவின் தமிழ்க் கோயில் நிர்வாகக் குழுத் தலைவர்கள், செயலாளர்கள், பொருளாளர்கள், உறுப்பினர்கள் அனைவருக்கும்,

வணக்கம்.

கோரிக்கையை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். உங்கள் கோயில் மண்டபத்தை ஆண்டு முழுவதும், வாரத்தில் ஒரு பிற்பகல், ஊராருக்குத் திறந்துவிடுங்கள். அவர்கள் வந்து பாடட்டும், கொட்டட்டும், ஆடட்டும், கோலம் போடட்டும், பூக் கட்டட்டும். உட்கார்ந்து பார்ப்பதற்கு அல்ல, தாங்களே செய்வதற்கு. மேடை வேண்டாம், தலைமையுரை வேண்டாம், பொன்னாடை வேண்டாம், பாய் விரித்தால் போதும். நம் மக்களின் உடம்புக்கும் மனத்துக்கும் செய்கிற பணியாக நினைத்துத்தான் இதைக் கேட்கிறேன். கலை வளர்ந்தால் அது கூடுதல் மகிழ்ச்சி.

நான் ஓய்வுபெற்ற தமிழாசிரியை. இப்போது முதியோர் இல்லங்களுக்கும், படுக்கையில் இருப்பவர்களின் வீடுகளுக்கும் போய்ப் பாடிவிட்டு வருகிறேன். வகுப்பறையில் இருந்தபோது பாட்டு எனக்கு ஒரு பாடப்பகுதி. நோயாளியின் கட்டிலருகே உட்கார்ந்த பிறகுதான் அதன் பலம் முழுதாகத் தெரிந்தது.

தைப்பூசத்துக்குக் கொடி ஏறியதும் நம் கோயில்களில் நடப்பது உங்களுக்குத் தெரியும். ஊனும் மதுவும் நின்றுவிடும். வேலை விட்டு வந்த பிள்ளைகள் குளித்த ஈரத் தலையோடு நேரே கோயிலுக்கு வருவார்கள். பேருந்து நடத்துநரும் வங்கி அதிகாரியும் ஒரே பாயில் உட்கார்ந்து, ரோமன் எழுத்தில் அச்சடித்த பாட்டுப் புத்தகத்தை மடியில் விரித்து, ஒருவர் எடுக்க மற்றவர்கள் தொடர்ந்து பாடுவார்கள். நம் ஆட்கள் மட்டுமா? ஆப்பிரிக்க வழிவந்த கிரியோல் குடும்பத்துப் பிள்ளைகளும் விரதமிருந்து காவடி எடுக்கிற நாடு இது. அந்தப் பத்து நாளும் நன்றாகத் தூக்கம் வருகிறது, கோபம் தணிகிறது, வீட்டில் சண்டை இல்லை என்று எத்தனையோ பேர் சொல்லக் கேட்டிருக்கிறேன். நீங்களும் கேட்டிருப்பீர்கள்.

பக்திதான் காரணம் என்பீர்கள். மறுக்கவில்லை. ஆனால் பதினோராம் நாளும் பக்தி இருக்கிறதே! முருகன் எங்கும் போய்விடவில்லை. பதினோராம் நாள் இல்லாமல் போவது கூடிப் பாடும் மாலைகளும், எல்லோர் கைக்கும் கிடைத்த வேலையும்தான். பந்தலைப் பிரித்ததும் மண்டபத்தைப் பூட்டிவிடுகிறோம். அடுத்து ஒரு கல்யாணமோ கூட்டமோ வரும்வரை அந்தப் பூட்டைத் தொடுவாரில்லை.

எங்கள் பக்கத்துத் தெருவில் ஒருவர் இருக்கிறார். கரும்பாலையில் வெல்டிங் வேலை பார்த்தவர். சர்க்கரை நோயில் வலது கால் முழங்காலுக்குக் கீழே போய்விட்டது. அதற்குப் பிறகு வாசலுக்குக்கூட வரமாட்டார். யாராவது பார்க்கப் போனால் டிவி சத்தத்தைக் கூட்டிவைப்பார். ஒரு காவடி சமயம் அவருடைய தம்பி மகன் ஒரு கட்டு மூங்கிலைக் கொண்டுவந்து அவர் முன்னால் போட்டு, பெரியப்பாதான் வளைத்துத் தரவேண்டும் என்று அங்கேயே உட்கார்ந்துவிட்டான். மனிதர் முதலில் திட்டினார். பிறகு கத்தியைக் கேட்டார். கணு பார்த்துப் பிளந்து, உள்பக்கத்தைச் சீவி, வாளித் தண்ணீரில் ஊறப்போட்டு, மறுநாள் அனலில் காட்டிக் காட்டி வளைத்தார். வளைவு இரண்டு பக்கமும் ஒத்துவரவில்லை என்று ஒன்றை ஒடித்தே போட்டுவிட்டு வேறொன்று செய்தார். பெண்கள் தென்னங்குருத்தைக் கிழித்துக் கிளி முடைந்தார்கள், எலுமிச்சம்பழம் கோத்தார்கள். பால் சொம்பைக் காவடியின் முனையில் கட்டுகிற முடிச்சை அவர் ஒரு பையனுக்கு அவிழ்த்து அவிழ்த்துக் காட்டிக்கொடுத்ததை நான் நின்று பார்த்தேன். அந்த வாரம் முழுவதும் ஊசி போட்டுக்கொள்ள ஒரு நாளும் தகராறு செய்யவில்லை என்று அவர் மனைவி சொன்னார்.

காவடி முடிந்தது. பையன்கள் அவரவர் வேலைக்குப் போய்விட்டார்கள். மறுபடியும் டிவி.

இப்படிப்பட்டவர்கள் உங்கள் ஊரில் எத்தனை பேர் என்று ஒரு முறை மனத்துக்குள் எண்ணிப் பாருங்கள். நம் நாட்டில் வயதுவந்தவர்களில் ஏறக்குறைய ஐந்தில் ஒருவருக்குச் சர்க்கரை நோய். அறுபதைத் தாண்டியவர்களும் மக்கள்தொகையில் கிட்டத்தட்ட அதே பங்கு. பிள்ளைகள் பிரான்சிலும் இங்கிலாந்திலும் கனடாவிலும் இருக்கிறார்கள். பழைய கரும்புத் தோட்டத்து லயங்களில் மாலையானால் யார் வீட்டு வாசலிலாவது பாட்டுக் கேட்கும். இன்று மோர்செல்மான் என்ற புதிய மனைப்பிரிவுகளில் சுற்றுச்சுவர் கட்டி, கதவுக்குத் தானியங்கிப் பூட்டுப் போட்டுக்கொண்டு, அடுத்த வீட்டுக்காரர் பெயர் தெரியாமல் வாழ்கிறோம். வீடு பெரிதாகிவிட்டது. பேச்சுத் துணை போய்விட்டது.

பாட்டும் கைவேலையும் நோய்க்கு என்ன செய்யும் என்று கேட்பவர்கள் உங்களில் இருப்பார்கள். கேட்கத்தான் வேண்டும், ஏனென்றால் நீங்கள் செலவிடுவது பொதுப்பணம். உலக சுகாதார அமைப்பின் ஐரோப்பிய அலுவலகம் 2019-இல் ஓர் அறிக்கை வெளியிட்டது. கலைக்கும் உடல்நலத்துக்கும் உள்ள தொடர்பைப் பற்றிய 3,000-க்கும் மேற்பட்ட ஆய்வுகளை ஒன்றுசேர்த்துப் பார்த்த அறிக்கை அது. நோய் வராமல் காப்பதிலும், வந்த நோயைச் சமாளிப்பதிலும் கலைக்குப் பங்குண்டு என்பது அதன் முடிவு. அதே ஆண்டு இங்கிலாந்தில் 50 வயதைத் தாண்டிய 6,710 பேரை 14 ஆண்டுகள் பின்தொடர்ந்த ஓர் ஆய்வும் வெளிவந்தது. இசை நிகழ்ச்சி, நாடகம், அருங்காட்சியகம் என்று சில மாதங்களுக்கு ஒரு முறையாவது போய்வந்தவர்கள் அந்தக் காலத்தில் இறக்கும் வாய்ப்பு, போகாதவர்களைவிட 31 விழுக்காடு குறைவாக இருந்தது. வசதியும் ஆரோக்கியமும் உள்ளவர்கள்தானே வெளியே போவார்கள் என்று உடனே தோன்றும். அந்த வேறுபாடுகளைக் கணக்கில் எடுத்துக் கழித்த பிறகு நின்ற எண் இது. ஆனாலும் கலைதான் ஆயுளைக் கூட்டியது என்று இதை மட்டும் வைத்து அடித்துச் சொல்ல முடியாது. நானும் சொல்லவில்லை.

என்னை அதிகம் தொட்டது வேறோர் ஆய்வு. பிள்ளை பெற்ற பிறகு மனச்சோர்வில் விழுந்த 134 தாய்மாரை லண்டனில் மூன்று பிரிவாக்கினார்கள். ஒரு பிரிவினர் குழந்தையை மடியில் வைத்துக்கொண்டு வாரம் ஒரு முறை கூடித் தாலாட்டும் வேறு பாட்டுகளும் பாடினார்கள். இன்னொரு பிரிவினர் குழந்தையோடு கூடி விளையாடினார்கள். மூன்றாம் பிரிவினருக்கு வழக்கமான கவனிப்பு. சோர்வு கடுமையாக இருந்தவர்களில், பாடிய தாய்மார்தான் மற்றவர்களைவிட விரைவாகத் தேறினார்கள். நம்மிடம் தாலாட்டுக்குப் பஞ்சமா? பிள்ளை பெற்றவளை மாமியாரும் அம்மாவும் சுற்றி உட்கார்ந்து பார்த்துக்கொண்ட காலம் போய், பிரசவ விடுப்பில் நான்கு சுவருக்குள் குழந்தையோடு தனியாக அழும் பெண்கள் நம் ஊர்களில் இருக்கிறார்கள். அவர்கள் மருத்துவரிடம் போக வெட்கப்படுகிறார்கள். போ பாசென் மனநல மருத்துவமனையின் பெயரைச் சொன்னாலே குடும்பம் பதறுகிறது. அப்படிப்பட்ட பெண் கோயிலுக்கு வருவாள். கோயிலுக்குப் போகிறேன் என்றால் யாரும் ஏன் என்று கேட்கமாட்டார்கள்.

நான் போய்வரும் இல்லம் ஒன்றில் ஒரு பாட்டி. பக்கவாதம் வந்த பிறகு தண்ணீர் வேண்டும் என்பதைக்கூட அவரால் சொல்ல முடியாது. கிரியோலிலும் வராது, தமிழிலும் வராது. விரலால் காட்டுவார், புரியாவிட்டால் அழுவார். ஒரு நாள் நான் தாலாட்டு எடுத்தேன். இரண்டாம் அடியில் அவர் சேர்ந்துகொண்டார். "ஆராரோ ஆரிரரோ" மட்டும் அல்ல, மாமன் அடித்தாரோ மல்லிகைப்பூச் செண்டாலே என்று அடி முழுவதும் தெளிவாக வந்தது. பக்கத்தில் நின்ற செவிலிப்பெண் கையிலிருந்த தட்டை அப்படியே கீழே வைத்துவிட்டாள். இது அதிசயம் இல்லை, மருத்துவம் அறிந்த விஷயம். பெரும்பாலோருக்குப் பேச்சை ஆள்வது மூளையின் இடப்பக்கம். பாட்டுக்கு வலப்பக்கமும் சேர்ந்து உழைக்கிறது. அதனால் பேச்சு அடிபட்ட பிறகும் பாட்டு பிழைத்துக்கிடப்பது உண்டு. அந்த வழியாகவே பேச்சை மீட்கும் பயிற்சியை 1970-களில் அமெரிக்காவின் பாஸ்டன் நகரில் உருவாக்கினார்கள். அந்தப் பாட்டிக்கு எழுதப் படிக்கத் தெரியாது. தன் அம்மாவின் வாயிலிருந்து கேட்டு வைத்திருந்த பாட்டு அது. அவருடைய பேரப்பிள்ளைகளுக்கு அதில் ஓர் அடி தெரியாது. நாளை அவர்கள் வயதாகிப் படுக்கும்போது, அவர்களுக்குள் பிழைத்துக்கிடக்க எந்தப் பாட்டைப் போட்டுவைத்திருக்கிறோம்?

நம் அண்டை வீட்டாரைப் பாருங்கள். போஜ்புரி பேசும் பெண்கள் கல்யாணத்துக்கு முன்னால் கூடிப் பாடும் கீத் கவாய் 2016-இல் யுனெஸ்கோவின் பண்பாட்டு மரபுப் பட்டியலில் இடம்பெற்றது. அதைவிட எனக்குப் பெரிதாகத் தெரிவது, அவர்கள் ஊர் ஊராக அதற்குப் பள்ளி நடத்துகிறார்கள் என்பது. கரண்டியும் சொம்பும் டோலக்கும் வைத்துக்கொண்டு ஐம்பது, அறுபது வயதுப் பெண்கள் உட்கார்ந்து பழகுகிறார்கள். சேகா அதற்கு இரண்டு ஆண்டு முன்பே, 2014-இல், அந்தப் பட்டியலில் ஏறிவிட்டது. அடிமைகளாகக் கொண்டுவரப்பட்டவர்கள் ஆட்டுத்தோலைத் தீயில் காய்ச்சி, ரவான் என்ற மேளத்தைக் கொட்டி, தங்கள் துயரத்தைப் பாடி ஆடிக் கரைத்ததிலிருந்து வந்த கலை அது. சாகோஸ் தீவுகளிலிருந்து 1968-க்கும் 1973-க்கும் இடையில் துரத்தப்பட்டு, போர்ட் லூயியின் ஓரங்களில் கையில் ஒன்றுமில்லாமல் வந்து இறங்கியவர்களை நினைத்துப் பாருங்கள். வீடு போயிற்று, தென்னந்தோப்பு போயிற்று, முன்னோர் புதைகுழிகள் போயின. பாட்டை மட்டும் அவர்கள் விடவில்லை. சாகோஸின் தம்பூர் சேகாவை உடனடியாகக் காக்க வேண்டிய மரபாக 2019-இல் யுனெஸ்கோ ஏற்றது. இந்தத் தீவில் பாட்டு ஒரு நாளும் வெறும் பொழுதுபோக்காக இருந்ததில்லை. கூலிக்கு வந்த நம் முன்னோர் அதை நன்றாக அறிந்திருந்தார்கள். அவர்கள் வயிற்றுக்கே போதாத கூலியில் கட்டிய கோயில்கள்தாம் இன்று உங்கள் பொறுப்பில் இருப்பவை.

கைவேலையைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். 2020 ஆகஸ்டில் வகாஷியோ கப்பலிலிருந்து எண்ணெய் கசிந்து கடற்காயல் கறுத்தபோது, மாயேபூர்க் கரையில் ஆயிரக்கணக்கானோர் கூடினார்கள். துணியைத் தைத்து, கரும்புச் சோகையைத் திணித்து, காலி பிளாஸ்டிக் போத்தல்களைக் கட்டி, மிதக்கும் தடுப்புகளைத் தாங்களே செய்தார்கள். கரைக்கு வந்தபோது அழுதவர்கள் ஊசியைக் கையில் எடுத்ததும் நிதானத்துக்கு வந்ததை அங்கே போன என் பழைய மாணவிகள் சொன்னார்கள். துக்கத்தில் இருப்பவருக்குக் கையில் வேலையும் பக்கத்தில் ஆளும் வேண்டும். இரண்டையும் ஒரே இடத்தில் கொடுக்க நம் ஊர்களில் கோயில் மண்டபத்தைவிட வேறு இடம் எது?

இனி நடைமுறைக்கு வருகிறேன்.

பிற்பகலில் வைக்கச் சொல்வதற்குக் காரணம் உண்டு. முதியோருக்கு 2005-இலிருந்து பேருந்து இலவசம், ஆனால் பொழுது சாய்ந்தால் கிராமங்களுக்குப் பேருந்து கிடைப்பது கடினம். மாலை ஆறு மணிக்கு வைத்தால் கார் உள்ள வீட்டுப் பெரியவர்கள் மட்டும்தான் வருவார்கள். மூன்று மணிக்குத் தொடங்கினால் பள்ளி விட்ட பிள்ளைகளும் வந்து சேர்ந்துகொள்ளலாம். பெரியவர்களையும் பிள்ளைகளையும் தயவுசெய்து தனித்தனியாகப் பிரிக்காதீர்கள். பாட்டியிடம் பாட்டு இருக்கிறது, பேத்தியிடம் காது இருக்கிறது.

போட்டி வைக்காதீர்கள். இதை நான் அழுத்திக் கேட்கிறேன். எதைத் தொடங்கினாலும் முதல் பரிசு, இரண்டாம் பரிசு, கோப்பை, நடுவர் என்று கொண்டுபோய் நிறுத்துகிற பழக்கம் நமக்கு இருக்கிறது. போட்டி என்றால் நன்றாகப் பாடுகிறவர் வருவார். குரல் நடுங்குகிறவர் வீட்டிலேயே இருந்துவிடுவார். வர வேண்டியவர் அவர்தான். பிலடெல்பியாவில் 39 பேருக்கு வண்ணமும் களிமண்ணும் கொடுத்து, முக்கால் மணி நேரம் இஷ்டம்போல் செய்யச் சொன்னார்கள். மன அழுத்தத்தோடு ஏறி இறங்கும் கார்ட்டிசால் என்ற சுரப்பு, அவர்களில் நான்கில் மூன்று பேருக்குக் குறைந்திருந்தது. முன்பே பழகியவர், தூரிகையையே தொடாதவர் என்ற வேறுபாடு அதில் இல்லை. சிறிய ஆய்வுதான். ஆனால் மார்கழியில் கோணல் மாணலாகக் கோலம் போட்டுவிட்டு நிமிர்ந்து சிரிக்கும் பெண்ணைப் பார்த்தவர்களுக்கு இது புதிய செய்தி அல்ல.

நடத்துவதற்கு ஆள் இருக்கிறார்கள். மோக்காவில் மகாத்மா காந்தி நிறுவனத்தில் கர்நாடக இசையும் வீணையும் மிருதங்கமும் பரதமும் முறையாகப் படித்தவர்கள் ஒவ்வோர் ஊரிலும் உண்டு. பலர் இன்று அலுவலகத்தில் கோப்பு பார்க்கிறார்கள். அவர்களைக் கூப்பிடுங்கள். சும்மா வந்து செய் என்று கூப்பிடாதீர்கள். பூசாரிக்கும் சமையற்காரருக்கும் சம்பளம் கொடுக்கிறோம், பந்தல்காரருக்கு முன்பணம் கொடுக்கிறோம், பாட்டுச் சொல்லிக்கொடுப்பவர் மட்டும் சேவையாகச் செய்ய வேண்டும் என்பது நியாயம் இல்லை. ஒரு விழா இரவுக்கு வெளிநாட்டிலிருந்து கலைஞர்களை வரவழைக்க ஆகும் விமானச் செலவில், உள்ளூர் ஆசிரியர் ஒருவருக்கு எத்தனை மாதம் ஊதியம் கொடுக்கலாம் என்பதை உங்கள் பொருளாளரிடமே கணக்குப் பார்க்கச் சொல்லுங்கள். விருந்தினர் வரட்டும், வேண்டாம் என்று சொல்லவில்லை. அவர்கள் விமானம் ஏறிய பிறகு இங்கே பாட ஆள் இருக்க வேண்டும்.

தமிழ் எழுத்துத் தெரியாதவரை ஓரங்கட்ட வேண்டாம். தமிழாசிரியையாகிய நானே சொல்கிறேன், ரோமன் எழுத்தில் அச்சடித்துக் கொடுங்கள். பாட்டு நாவில் ஏறினால் எழுத்தைக் கற்றுக்கொள்ளும் ஆசை பின்னால் வரும். வராவிட்டாலும் பாதகமில்லை, வந்தவர் அன்று பாடிவிட்டுப் போகட்டும்.

இளைஞர்களைப் பற்றி நீங்கள் கவலைப்படுவது எனக்குத் தெரியும். எந்தக் குழுக்கூட்டத்திலும் சிமிக் என்ற செயற்கைப் போதைப்பொருள் பற்றிய பேச்சு வராமல் இருப்பதில்லை. ஐஸ்லாந்து நம்மைவிட மக்கள்தொகை குறைந்த தீவு நாடு. 1998-இல் அங்கே 15, 16 வயதுப் பிள்ளைகளில் 42 விழுக்காட்டினர் கடந்த ஒரு மாதத்தில் குடித்து வெறித்ததாகச் சொன்னார்கள். 2016-இல் அது 5 விழுக்காடு. பெற்றோரின் கண்காணிப்பு, இரவில் பிள்ளைகள் வெளியே திரிவதற்குக் கட்டுப்பாடு என்று பல காரணங்கள் சேர்ந்தன. அவற்றில் முக்கியமான ஒன்று, விளையாட்டும் இசையும் நடனமும் எல்லாப் பிள்ளைகளுக்கும் கிடைக்கும்படி பொதுப்பணத்தைச் செலவிட்டது. போதைக்குப் போகாதே என்று மட்டும் சொல்லாமல், போவதற்கு வேறோர் இடத்தைக் கட்டிக்கொடுத்தார்கள். பத்து நாள் விரதத்தில் மதுவைத் தொடாமல் இருக்கும் நம் பையன்களுக்கு அந்த வலிமை இருக்கிறது என்பதை நாமே ஆண்டுதோறும் பார்க்கிறோம். பதினோராம் நாள் அவர்கள் எங்கே போவார்கள் என்பதற்கு மட்டும் நம்மிடம் விடை இல்லை. மூங்கில் பிளக்கவும், மேளம் கட்டவும், தோல் காய்ச்சவும் ஆண்டு முழுவதும் ஓர் இடம் இருந்தால் சிலராவது வருவார்கள். எல்லோரும் வருவார்கள் என்று நான் சொல்லமாட்டேன்.

கோயில் வழிபாட்டுக்கு, மற்றவற்றுக்குச் சமூக மையம் இருக்கிறது என்று சிலர் சொல்வதுண்டு. தஞ்சைப் பெரிய கோயிலில் திருப்பதிகம் பாட 48 பேரையும், அவர்களோடு உடுக்கையும் கொட்டிமத்தளமும் வாசிக்க இருவரையும் ராஜராஜன் நியமித்ததைக் கல்வெட்டு சொல்கிறது. அதே கோயிலுக்கு 400 ஆடல் பெண்டிரையும் குடியமர்த்தினான். பாடுவதும் கொட்டுவதும் ஆடுவதும் கோயிலுக்குள் வைத்து வளர்ந்தவை. நாம் புதிதாக எதையும் உள்ளே கொண்டுவரப் போவதில்லை.

ஒரு விஷயத்தில் மட்டும் எச்சரிக்கையாக இருங்கள். பாடினால் சர்க்கரை இறங்கும், மாத்திரை வேண்டாம் என்று யாரும் மண்டபத்தில் பேச விடாதீர்கள். இன்சுலின் இன்சுலின்தான். சாக வேண்டும் என்று ஒருவர் வாய்விட்டுச் சொன்னால் அவரை அன்றே மருத்துவரிடம் அழைத்துப்போக வேண்டும், பஜனைக்கு அல்ல. வாரம் ஒரு முறை கூடுவதால் அப்படிச் சொல்ல ஒருவருக்கு வாய் வரும், கேட்க ஆள் இருக்கும். அதற்காகவாவது ஒவ்வொரு மண்டபத்திலும் முதலுதவியும் மனநல முதலுதவியும் பழகிய ஒருவர் இருக்க ஏற்பாடு செய்யுங்கள். ஓய்வுபெற்ற செவிலியர் இல்லாத ஊர் நம் நாட்டில் இல்லை.

அரசு சமய அமைப்புகளுக்கு ஆண்டுதோறும் மானியம் தருகிறது. அதிலிருந்தோ, மண்டப வாடகையிலிருந்தோ, உபயக்காரர்களிடமிருந்தோ இதற்கென ஒரு சிறு தொகையை ஒதுக்கலாம். ஏழு கறிச் சாப்பாட்டுக்கு உபயம் செய்ய முன்வரும் குடும்பங்கள், ஒரு மாதப் பாட்டு வகுப்புக்கு உபயம் செய்யக் கேட்டால் மறுக்கமாட்டார்கள் என்று நம்புகிறேன். இதுவரை யாரும் அவர்களைக் கேட்டதில்லை.

உங்கள் அடுத்த பொதுக்குழுவில் இதை ஒரு பொருளாக எடுத்துக்கொள்ளுங்கள். எந்தக் கிழமை, எத்தனை மணிக்கு, மண்டபச் சாவி யார் பொறுப்பு, ஆசிரியருக்கு எவ்வளவு என்ற நான்கையும் முடிவுசெய்து கோயில் பலகையில் எழுதிப்போடுங்கள். வரும் தைப்பூசத்துக்குக் கொடி இறங்கிய அடுத்த வாரமே தொடங்கலாம். அப்போது பாட்டும் வாயில் இருக்கும், மூங்கிலும் மீந்திருக்கும். ரோஸ் ஹில்லிலிருந்து பேருந்து போகும் எந்த ஊராக இருந்தாலும், தொடங்கும் வாரங்களில் வந்து பாட நான் தயார். என்னிடம் படித்து இன்று பாடக்கூடிய சிலரும் வருவதாகச் சொல்லியிருக்கிறார்கள். எழுதிவைத்திருக்கும் தாலாட்டுகளையும் சிந்துகளையும் ரோமன் எழுத்திலும் தமிழிலும் படியெடுத்து அனுப்பிவைக்கிறேன்.

உங்கள் முடிவுக்குக் காத்திருக்கிறேன்.

அன்போடும் மரியாதையோடும்,
ஓய்வுபெற்ற தமிழாசிரியை ஒருவர்,
ரோஸ் ஹில், மொரிசியஸ்